எதிர்த்தரப்பில் இருக்கும் மகனுக்கு

ராசா,

ஊரே படிக்கிற மாதிரி அம்மா எழுதிவிட்டாளே என்று கோபப்படாதே. நம் வக்கீலம்மா, தனக்குத் தெரிந்த பத்திரிகையில் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். உன்னைப் பற்றி நான் பேசிய பேச்சையெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் நின்று, இருபது குடும்பமும் கேட்கத்தான் பேசினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது மட்டும் உன் காதோடு சொன்னால் அது சரியில்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது. ஒரே சமயத்தில் எழுதவும் முடியவில்லை. வேலைக்குப் போய் வந்து, கை கழுவி, மிச்சம் இருக்கிற வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

அடுத்த மாசம் அமாவாசை கழித்து மூன்றாம் நாள் உங்கப்பாவுக்கு வருஷம் முடிகிறது. நம் கேஸில் உத்தரவு அதற்கு முன்னால் வரலாம், பின்னாலும் வரலாம் என்கிறார்கள். அது எங்கள் பக்கம் விழுந்தாலும் அரசாங்கத்தின் பக்கம் விழுந்தாலும் நீ வர வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஏன் ஒரு வருஷம் ஆனது என்பதுதான் மிச்சக் கடிதம்.

உனக்கு அந்த வேலை கிடைத்த சேதியோடு நீ வந்த நாள் எனக்குக் கண்ணில் அப்படியே இருக்கிறது. குன்னூரில் பஸ் மாறி, நனைந்துகொண்டு, வர்க்கி பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தாய். உன் தலை நனைந்திருந்தது, வர்க்கி நனையவில்லை. அட்வகேட் ஜெனரல் ஆபீஸ் என்று சொன்னாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா, தேத்தண்ணி டம்ளரோடு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"ஏந்தம்பி, அவரு ஜட்ஜா?"

"இல்லீங்க அக்கா. அவரும் வக்கீல்தான். மாநில அரசாங்கத்துக்கு வக்கீல். ஐகோர்ட்டுல கவருமெண்டு மேல யாரு கேஸ் போட்டாலும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்றது அவரு. சட்டத்துல ஒரு சந்தேகம்னா மந்திரிங்க கேக்கறதும் அவருகிட்டத்தான். கவர்னர் கையெழுத்துப் போட்டு வெக்கிற ஆளு. அவருக்குக் கீழ நெறைய வக்கீலுங்க. அதுல கடைசி மேசை எனக்கு."

"கவருமெண்டு தப்புப் பண்ணியிருந்தா?"

"தப்புன்னு கவருமெண்டுக்குச் சொல்றதும் அவரு வேலைதான்."

"சொன்னா வெச்சிருப்பாங்களா?"

நீ சிரித்தாய். "அதாங்க அக்கா கஷ்டம்" என்றாய். சட்டசபைக்குள்ளேயே போய் அவர் பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது என்றும் சொன்னாய். கட்டிலில் சாய்ந்திருந்த உங்கப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "பேசலாம், ஓட்டு இல்லியா? இந்த ஊட்டுல என்ர நெலமையும் அதேதான்" என்றார். மாரியாயி அக்காவுக்குப் புரையேறி, தேத்தண்ணியெல்லாம் படியில் சிந்தியது. அன்றைக்கு நாம் நாலு பேரும் சிரித்ததுதான் அந்த வீட்டில் கடைசியாக அப்படிச் சிரித்தது. அப்போது அது தெரியவில்லை.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். உங்கப்பா பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அப்படி வந்த குடும்பங்களை அரசாங்கம்தான் இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பி வைத்தது. வேலையும் இங்கே, வீடும் இங்கே என்று முத்திரை குத்திய ஒரு கடிதாசியும் கொடுத்தது. நானும் அப்படி வந்த குடும்பம்தான். எஸ்டேட் கம்பெனி நிலத்தை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்திருந்தது. குத்தகை முடிந்தது, கம்பெனி பூட்டிக்கொண்டு போய்விட்டது. நிலம் அரசாங்கத்துக்கே திரும்புகிறது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்று ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். இப்போது பக்கத்துப் படகர் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து எடுத்துத்தான் சாப்பிடுகிறோம். போவதற்கு எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. இருபது குடும்பமும் சேர்ந்து ஐகோர்ட்டில் கேஸ் போட்டோம். எதிர்த்தரப்பு அரசாங்கம். ஐகோர்ட்டில் அரசாங்கம் என்றால் அட்வகேட் ஜெனரல் ஆபீஸ். அந்த ஆபீஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது நீ ஒருத்தன்தான்.

கேஸ் நம்பர் விழுந்த அன்றைக்குக் குழாயடியில் எல்லோருக்கும் சந்தோஷம். "நம்ம பையன் உள்ள இருக்கான். இனி என்ன பயம்?" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது மட்டுமில்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தும் நடந்தேன். உனக்குப் போன் போட்டபோது நீ சொன்னது ஒரே பேச்சு. "அம்மா, அந்த விசயம் மட்டும் என்கிட்டப் பேசாதீங்க." சாப்பிட்டாயா, குளிருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாயா என்று எத்தனை பேசினாலும் பேசுவாய். அதை எடுத்தால் மட்டும் போனில் உன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அந்த ஆபீஸ் நாற்காலி உன்னை மாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

நான் செய்த தப்பை இப்போது சொல்ல வேண்டும். வக்கீலம்மா கோயம்புத்தூரிலிருந்து வரும்போதெல்லாம், எல்லாப் பேப்பரும் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்பார். கொடுத்தாச்சுங்க என்பேன். கொடுக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கியதும் முகாமில் கொடுத்த குடும்பக் கார்டும், உங்கப்பாவின் அப்பா பெயருக்கு வந்த முத்திரைக் கடிதாசியும் என்னிடம்தான் இருந்தன. பெற்ற மகன் பெரிய ஆபீஸில் இருக்கும்போது வெளி ஆளிடம் எதற்கு அசல் பேப்பரைத் தர வேண்டும்? உன் கையில் போனால் நீ அந்த ஆபீஸ் பெரியவர் கையில் கொடுப்பாய், அவர் ஒருதரம் பார்த்தால் போதும், நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடுவார். இப்படி ஒரு கணக்கு எனக்கு. உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே அவருடைய பழைய துண்டைச் சுற்றி, தைத்து, வெளியே 'நம் கேஸ் பேப்பர்' என்று எழுதி, உன் ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் பார்சல் திரும்பி வந்தது. நான் போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. மேலே ஒரு துண்டுச் சீட்டு. தபால்காரர் குழாயடியிலேயே கையெழுத்து வாங்கியதால் எல்லோரும் சுற்றி நின்றார்கள். படி படி என்றார்கள். சத்தமாகப் படித்தேன். "அம்மா, இதை நான் பிரிக்கக் கூடாது. பிரிக்கவில்லை. உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்." அதோடு நிறுத்தி, சீட்டைக் கசக்கி இடுப்பில் செருகினேன். உன் சித்தப்பா, "சோறு போட்ட ஊட்டுப் பேப்பரையே தொட மாட்டானாமா?" என்றார். "அவன் இப்ப கவருமெண்டுப் புள்ளை. இனி எனக்குப் புள்ளை இல்லை" என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

அந்தச் சீட்டில் நாலாவது வரி ஒன்று இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. "அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?" என்று எழுதியிருந்தாய். அதை வாசித்திருந்தால் என் கோபம் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விட்டேன். அந்த வரி இருந்தது என்று இன்றைக்குவரை லயத்தில் யாருக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். நீ கோர்ட்டில் காகிதங்களோடு பிழைக்கிறவன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான். எந்தக் காகிதத்தையும் உனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிக்காதே. கடைசி வரைக்கும் சத்தமாக வாசி.

உங்கப்பா அன்றைக்குச் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் அவரால் மூச்சு விட முடியும். "பையன் சரியாத்தாம் புள்ள செஞ்சிருக்கான்" என்றார். "ஆமா, அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எதனால் அந்தப் பேச்சு என் வாயில் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் அவர் போய்விட்டார். சேதி உனக்கு மாரியாயி அக்காதான் சொன்னது, நான் சொல்லவில்லை. மறுநாள் நீ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாய். வாசலில் தூக்கத் தயாராக வைத்திருந்தார்கள். மூங்கில் பாடையில் அவர் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். கொள்ளிச்சட்டியை உன் கையில் கொடுக்க வந்த பூசாரியை நான் தடுத்தேன். "முருகேசு தூக்கட்டும்" என்றேன். உன் சித்தப்பா மகன் அவன், என்னையும் பார்த்தான், உன்னையும் பார்த்தான். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருக்கலாம். என்னைத் தள்ளிவிட்டுச் சட்டியை வாங்கியிருக்கலாம், அந்த உரிமை உனக்கு உண்டு. கடைசி ஆளாகப் பின்னால் நடந்தாய். சுடுகாட்டு வளைவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய் என்றும், எல்லோரும் திரும்பிய பிறகும் அங்கேயே நின்றாய் என்றும் முருகேசு பிறகு சொன்னான். வீட்டுக்கு வராமல் அப்படியே பஸ் ஏறிவிட்டாய். உனக்காக மூடி வைத்திருந்த சோற்றை மறுநாள் காக்கைக்குப் போட்டேன். சோறு எடுத்து வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. கோபத்திலும் எடுத்துத்தான் வைத்தேன்.

காரியம் முடிந்து வக்கீலம்மா துக்கம் கேட்க வந்தார். அப்போதுதான் பார்சலை எடுத்து அவர் மடியில் வைத்தேன், உன் சீட்டு விஷயத்தையும் சொன்னேன். அந்தம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, எதிர்த்தரப்பு ஆபீசுக்கே நம்ம அசல் பேப்பரை அனுப்பி வெச்சீங்களா?"

"பெத்த புள்ளைதானுங்களே."

"அதனாலதானுங்கம்மா அவரு தொடக் கூடாது. கேஸ் வந்த அன்னிக்கே உங்க மகன் எழுதிக் குடுத்துட்டாரு. இதுல என் அப்பா அம்மா இருக்காங்க, இந்தக் கேஸ் கட்டு என் மேசைக்கு வரக் கூடாதுன்னு. எங்களுக்கும் அதைத் தெரியப்படுத்தினாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"பிரிச்சுப் பார்த்திருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

"அவரு வேலை போறது ஒரு பக்கம். இந்தப் பேப்பரு எப்படி வந்துச்சு, உள்ள இருக்கிற பையன் என்ன பண்ணினான்னு ஒரு பேச்சு வந்திருக்கும். இருவது குடும்பத்துக் கேஸ்லயும் அழுக்கு ஒட்டியிருக்கும்."

அந்தம்மா பார்சலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு என்று எதை நினைத்துச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இது உனக்குத் தெரியாத கதை. நீ கைக்குழந்தை. உங்கப்பா அப்போதுதான் கங்காணி ஆகியிருந்தார். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்க, நோட்டைப் பிடித்துப் பேர் வாசிப்பது அவர் வேலை. ஒருநாள் உனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் உன்னை விட்டால் நீ என் சேலையை விடவில்லை. ஒருவழியாக விடுவித்துக்கொண்டு ஓடுகிறேன், அவர் என் பேரை வாசிப்பது காதில் விழுகிறது. அவருக்கும் நான் ஓடி வருவது தெரிகிறது. மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரம் நின்றார். அப்புறம் என் பேருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். நாற்பது பொம்பளைகள் முன்னால் கூடையோடு திரும்பி நடந்தேன். மூணு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூணாம் நாள் அவரே ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். "உனக்கு ஆப்சென்ட் போடலைன்னா, நாளைக்கு மாரியாயிக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடுவேன்?" ரொட்டி கருகியிருந்தது. தின்றேன். அவர் கையில் நோட்டு இருந்த வரைக்கும், கங்காணி ஆள் பார்த்து எழுதினான் என்று ஒருத்தர் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. புருஷனிடம் மூணு நாளில் புரிந்துகொண்டதை மகனிடம் புரிந்துகொள்ளத் தெரியவில்லை, பார்.

போன மாசம் கேஸ் விசாரணைக்கு வந்தது. இப்போது கோர்ட்டைப் போனிலேயே பார்க்கலாமாம். சிக்னல் கிடைக்கிற இடம் பழைய பிள்ளைக் காம்பராதான். முருகேசு ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்தான், நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்தோம். அட்வகேட் ஜெனரலே நேரில் வந்திருக்கிறார் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. பாதிக்கு மேல் இங்கிலீஷ். ஜட்ஜுக்கு ஒரு பழைய கேஸ் கட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் என்ன சொன்னார் என்று வக்கீலம்மா பிறகு போனில் சொன்னபோது திரும்பத் திரும்பக் கேட்டேன். "இந்தக் குடும்பங்களை இங்கே குடிவைத்தது அரசாங்கம்தான் என்று எங்கள் காகிதக் கட்டுக்குள்ளேயே ஒரு உத்தரவு இருக்கிறது. இது என் தரப்புக்கு உதவாது. ஆனாலும் கோர்ட்டுக்குக் காட்டாமல் இருக்க எனக்கு அனுமதி இல்லை." இப்படிச் சொல்லிவிட்டு, நிலம் ஏன் அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அதற்கப்புறமும் விடாமல் வாதாடினாராம். காட்டவும் வேண்டும், வாதாடவும் வேண்டும், இரண்டும் அவர் வேலை என்றார் வக்கீலம்மா. நீ மாரியாயி அக்காவிடம் வாசற்படியில் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "நம்ம தம்பி சொல்லித்தான் அவரு காட்டியிருக்காரு" என்று உன் சித்தப்பா ஆரம்பித்தார். "இல்லை. அவன் சொல்லவும் இல்லை, சொல்லவும் மாட்டான். யாரும் அப்படிப் பேசாதீங்க" என்றேன்.

ஆனால் ராசா, உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் பாதி நேரம் கேஸைக் கவனிக்கவே இல்லை. அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். ஒருத்தன் உன்னைப் போலவே குனிந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். திரும்பட்டும் என்று காத்திருந்தேன். திரும்பினான், வேறு யாரோ. எங்கள் கேஸ் நடக்கிற அறைப்பக்கமே நீ வர மாட்டாய் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரே கட்டடத்துக்குள் எங்கேயோ இருந்திருப்பாய். உன்னை விட்டுவிட்டு உன் ஆபீஸ் ஆட்களை மட்டும் பார்த்தேன்.

ஒரு வருஷமாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும்போது உன் ஞாபகம். குன்னூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் கை தானாக நின்றுவிடுகிறது. பஸ் போன பிறகுதான் அடுத்த கொழுந்தைக் கிள்ளுகிறேன். உன் போன் நம்பர் முருகேசு எழுதிக் கொடுத்தது சுவரில் இருக்கிறது. ஐந்து எண் வரைக்கும் அழுத்துவேன், அப்புறம் வைத்துவிடுவேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? பேசினால் என் வாய் மறுபடி எதையாவது கெடுத்துவிடும் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஒருநாள் பெரிய மேசைக்கு வருவாய். அரசாங்கம் உன்னிடம் வந்து, இதற்கு ஒரு வழி சொல் என்று கேட்கும். கேட்கிறவருக்கு இனிக்கிறதை மட்டும் சொல்லிப் பழகிவிடாதே. கதவில் ஒட்டுகிற நோட்டீஸ் உன் கையால் போனாலும் போகும், அது உன் வேலையாக இருக்கும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேஸ் கட்டை முழுக்கப் புரட்டிப் பார். அப்புறம், உன்னை மாதிரி வாயைத் திறக்காத பிள்ளைக்குக் கொஞ்சம் பேசுகிற பொண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். நான் தள்ளியபோது நீ சும்மா நின்றாயே, அதுவும் சரியில்லை ராசா. கோர்ட்டில் அடுத்தவர்களுக்காகப் பேசுகிறவன் உனக்காக என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் நான் கேட்டிருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

வீடு கையில் நிற்குமா என்று தெரியாது. உத்தரவு எதிராக வந்தால் நீ வரும்போது சாமான்கள் வாசலில் இருக்கலாம். அப்போதும் வா. அதற்கு நீ காரணம் இல்லை என்று இப்போதே, உத்தரவு வருவதற்கு முன்னாலேயே, எழுதி வைக்கிறேன். பிற்பாடு தோற்ற கோபத்திலோ ஜெயித்த சந்தோஷத்திலோ சொன்னதாக யாரும் சொல்லக் கூடாது.

போன வாரம் பூசாரி திவசத்துக்கு வேண்டிய சாமான் சொல்ல வந்தார். எள்ளு, தர்ப்பை, பச்சரிசி என்று வரிசையாகச் சொல்லி, முருகேசு எழுதிக்கொண்டான். கடைசியில், "யாரு கையால செய்யறதுங்க?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். முருகேசு எழுதுவதை நிறுத்திவிட்டான். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அவரு மகன் கையால" என்றேன்.

"தம்பி வருதுங்களா?"

"வருதுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே வந்துதான் பேனாவை எடுத்தேன்.

அம்மா